சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீற்றர் வான்வழியின் கணக்கு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். சென்னைக்கும் கொழும்பு கட்டுநாயக்கவுக்கும் இடையில் இது சுமார் 645 கிலோமீற்றர். ஆனால் விமான நிறுவனங்களின் நேர அட்டவணைகளில் இவ்விரு பயணங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பலாலிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். கட்டுநாயக்கவுக்கு அதைவிடச் சில நிமிடங்களே அதிகம்.

இதற்கான காரணம் விமானத்தின் வகை. கொழும்புக்கு ஜெட் விமானங்கள் மணிக்கு 800 கிலோமீற்றர் அளவில் பறக்கின்றன. பலாலிக்குச் செல்லும் ஏடிஆர் 72 சுழல்விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான். தவிர, அட்டவணை நேரம் என்பது விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலானது. நேர்கோட்டில் பறக்க முக்கால் மணித்தியாலம் போதும். எஞ்சியது ஓடுபாதைக்காகக் காத்திருத்தல், மேலேறுதல், வளைந்து இறங்குதல் ஆகியவற்றில் செலவாகிறது. இரு நாடுகளின் கடிகாரங்களும் 2006 ஏப்ரல் முதல் ஒன்றே என்பதால், நேர வித்தியாசத்தைக் கழிக்கும் தொல்லை மட்டும் இல்லை.

நீண்ட சுற்றுப் பாதை

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படைக்காக அமைக்கப்பட்டது பலாலி. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானமே இரத்மலானையிலிருந்து இவ்வழியாகத்தான் சென்னை சென்றது. உள்நாட்டுப் போர் மூண்டதும் பலாலி படைத்தளமாயிற்று. பின்னர் மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக இரு நகரங்களுக்கிடையே நேரடிப் பயணிகள் சேவை இருக்கவில்லை.

அக்காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர், யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. அதுவும் வீதி திறந்திருந்தால் மட்டுமே. 2002 போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்ட ஏ9 வீதி, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 355 கிலோமீற்றர் பயணம் ஆயிரத்துக்கும் அதிகமாக நீண்டதற்குப் புவியியல் காரணமல்ல.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சேவை ஆரம்பமானது. கொரோனாவினால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் இவ்வழியில் இறங்கியது.

ஓடுபாதையும் காணியும்

பெரிய ஜெட் விமானங்கள் இறங்கத்தக்கதாகப் பலாலியை விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுகிறது. ஆனால் சென்னைப் பயணத்தில் ஜெட் மிச்சப்படுத்துவது கால் மணித்தியாலம் அளவுதான். உண்மையான பயன் வேறு: கூடுதல் இருக்கைகள், கூடுதல் பயணப்பொதிகள், இன்னும் தொலைவான நகரங்களுக்கு நேரடிச் சேவை. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருந்து குடும்பத்துடன் ஊர் செல்வோருக்கு இது சிறிய விடயமல்ல.

எனினும் ஓடுபாதை வெற்று நிலத்தில் நீளப்போவதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகளே பலாலியைச் சூழ உள்ளன. அவற்றில் ஒரு பகுதி கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டாலும், எஞ்சியவை படையினர் வசமே உள்ளன. விமானம் வர வேண்டும் என்போரும் காணி திரும்ப வேண்டும் என்போரும் பல வேளைகளில் ஒரே குடும்பத்தினர். எத்தனை மீற்றர் நீட்டுவது என்று பொறியியலாளர்கள் தீர்மானிக்கலாம். யாருடைய தோட்டத்தின் மீது என்பதை அவர்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது.