தரவு மையமும் அதன் காவலும்

வங்கிக் கணக்கு, புகைவண்டிப் பயணப் பதிவு, மருத்துவமனைக் குறிப்பு, தேர்வு முடிவு ஆகிய யாவும் இன்று எங்கோ ஓரிடத்தில் எண்களாகப் பதிந்து வைக்கப்பட்டுள்ளன. வானத்து மேகம் போல அவை மிதந்துகொண்டிருப்பதாகச் சிலர் கருதுவர். 'மேகக் கணிமை' என்று வழங்கும் பெயரே அம்மயக்கத்திற்குக் காரணம் போலும். உண்மையில் அவை சுவரும் கூரையும் பூட்டும் உடைய கட்டடங்களிலேயே உள்ளன. அத்தகைய கட்டடம் தரவு மையம் எனப்படும்.

அதனுள் நுழைவோர் முதலில் உணர்வது இரைச்சலேயாகும். ஆள் உயரத்திற்கு மேற்பட்ட இரும்பு அடுக்குகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வோர் அடுக்கிலும் சர்வர் எனப்படும் கணினிகள் பல செருகப்பட்டிருக்கும். அவை உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. ஆதலின், வரிசையின் முன்புறத்தில் குளிர்காற்றைச் செலுத்திப் பின்புறத்தில் வெளிவரும் சூடான காற்றை அதனோடு கலவாதவாறு அகற்றுவர். கணினிக்குள் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நலம் என்பது பொறியாளர் கொள்கை. மின்சாரம் தடைப்பட்டால் மின்கலங்கள் அக்கணமே சுமையை ஏற்கும். ஆனால் அவை நெடுநேரம் தாங்கா. அதற்குள் டீசல் எந்திரம் ஓடத் தொடங்கிவிடல் வேண்டும்.

இவற்றையெல்லாம் இரவும் பகலும் கண்காணிப்பவர் யார்? ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஒருவர் வாரத்திற்கு 48 மணி நேரம் உழைப்பதாகக் கொண்டால், ஒரே ஒரு நாற்காலியை ஆளின்றி விடாதிருக்க நால்வர் வேண்டும். விடுப்பும் நோயும் கருதினால் ஐவர் வேண்டும். மின்சாரம் அறிந்தவர், குளிரூட்டல் அறிந்தவர், கணினி அறிந்தவர் என்று மூன்று நாற்காலிகள் இட்டால் 15 பேர் ஆவர். நடுத்தரமான மருத்துவமனை ஒன்று இச்செலவைத் தாங்குதல் அரிது. எனவே, இப்பணியையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திடம் அதனை ஒப்படைக்கின்றனர். இதற்கு மேலாண்மைச் சேவை என்று பெயர்.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. பலருடைய கணினிகளையும் பார்த்துவருவதால், ஓரிடத்தில் கண்ட பழுதை மற்றோரிடத்தில் வருமுன்னரே அந்நிறுவனத்தார் உணர்வர். விசிறியின் சுழற்சி சிறிது குறைந்தாலும், மின்கலத்தின் சூடு சிறிது ஏறினாலும் அவர்தம் திரையில் அறிகுறி தோன்றும். விசிறி நின்றபின் மாற்றுவது வேறு. நிற்குமுன் மாற்றுவது வேறு. ஆண்டில் எவ்வளவு நேரம் தடையின்றி இயங்கச் செய்வோம் என்பதையும் ஒப்பந்தத்தில் விழுக்காடாக எழுதித் தருவர். 99.9 விழுக்காடு என்றால் குறைவற்றது போலத் தோன்றும். கணக்கிட்டால் ஆண்டிற்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோகலாம் என்பதே அதன் பொருள். 99.99 என்றால் ஏறத்தாழ 53 நிமிடம், 99.999 என்றால் ஐந்தே நிமிடம்.

ஆயினும், ஒப்படைத்தவர் தாம் எதனை ஒப்படைத்தோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நிகழ்ந்ததொன்று இதனைத் தெளிவாக்கும்.

ஓ.வி.எச். என்னும் நிறுவனம் அங்கே ஒரே வளாகத்தில் நான்கு தரவு மையங்களை நடத்திவந்தது. 2021 மார்ச்சு 10-ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகுமுன், இரண்டாம் மையத்தில் தீப்பற்றியது. அஃது ஐந்து மாடிக் கட்டடம். வெளிக்காற்றே உட்புகுந்து கணினிகளைக் குளிர்வித்து மேலெழுந்து செல்லுமாறு அதனைக் கட்டியிருந்தனர். சிக்கனமான அமைப்புத்தான், மின்சாரம் மிச்சமானதும் உண்மை. ஆனால் அன்றிரவு அக்காற்றுவழியே புகைபோக்கி போலாகித் தழலை மேல்மாடிகளுக்கு ஈர்த்தது. தானே தீயணைக்கும் அமைப்பு அங்கில்லை. கட்டடத்தின் மின்னோட்டம் முழுவதையும் ஒருங்கே துண்டிக்கும் விசையும் இல்லாமையால், மின்சாரத்தை நிறுத்துவதற்கே நெடுநேரம் ஆயிற்று. நல்வினையாக எவர்க்கும் காயமில்லை. இரண்டாம் மையம் முற்றும் அழிந்தது. முதல் மையத்தில் ஒரு பகுதி எரிந்தது. ஏனைய இரண்டும் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 36 இலட்சம் இணையதளங்கள் இயங்காமற் போயின.

பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயற்படுத்துமாறு நிறுவனத்தைத் தோற்றுவித்த ஒக்தாவ் கிளாபா விடியுமுன்னரே வாடிக்கையாளர்க்கு அறிவித்தார். அத்தகைய திட்டம் உடையோர் வேறு நகரங்களில் வைத்திருந்த பிரதிகளைக் கொண்டு பணியைத் தொடர்ந்தனர். திட்டம் இல்லாதோர் நிலை இரங்கத்தக்கது. ரஸ்ட் என்னும் கணினி விளையாட்டை நடத்துவோர், அங்கிருந்த தம் சர்வர்கள் 25-இன் தரவு மீளாது என்று அறிவிக்க நேர்ந்தது. கட்டடத்தையும் கணினியையும் பிறரிடம் விட்டமையால் பிரதியெடுக்கும் பொறுப்பும் அவர்களையே சார்ந்ததென்று எண்ணியிருந்தோரும் உண்டு. அதற்குத் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதை அவர்கள் கருதவில்லை. வேறு சிலரோ பிரதி வைத்தேயிருந்தனர். ஆனால் பிரதியும் மூலமும் ஒரே வளாகத்தில் இருந்தமையால் இரண்டும் ஒருங்கே எரிந்தன. இவர்கள்மீது குறைகூற என் மனம் துணியவில்லை. பணம் கொடுத்துப் பெற்ற பிரதி வேறோர் ஊரில் இருக்கும் என்றுதானே எவரும் எண்ணுவர்! விழுக்காட்டு வாக்குறுதி தவறினால் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். எரிந்த தரவு கிடைக்காது.

ஆகவே, தேர்ந்த மேலாளர் கையெழுத்திடுமுன் கேட்கும் வினாக்கள் மிக எளியவை. பிரதி எந்த ஊரில் உள்ளது? அதனை எடுப்பவர் யார்? கடைசியாக அதிலிருந்து மீட்டுப் பார்த்த நாள் எது? இவ்வினாக்களுக்கு விடைகூற வல்ல நிறுவனங்கள் குறித்த நாட்களில் ஒத்திகை நடத்துவது வழக்கம். வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காவலர் கடிகாரத்தை நோக்கி நிற்பர். மின்கலங்கள் சுமையை ஏற்கும். சில நொடிகளில் வெளியே டீசல் எந்திரம் உறுமும். உறுமாமற் போவதும் உண்டு. அவ்வாறாயின், எரியெண்ணெயா, தொடக்க மின்கலமா, பழுது எங்கே என்று பகற்பொழுதிலேயே தேடிக் களைவர். பின்னர்ப் பிரதியிலிருந்து ஒரு கோப்பினை மீட்டு, அது முழுமையாகத் திறக்கின்றதா என்று பார்த்து, ஆன நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுவர்.