செம்பை எடுத்தபின் மிஞ்சும் கண்ணாடி

தமிழ்நாட்டில் 2006-க்கும் 2011-க்கும் இடையில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பள்ளிகள், வங்கிகள், பிரவுசிங் சென்டர்கள், தாலுகா அலுவலகங்கள் என எங்கும் பின்பக்கம் புடைத்த கம்ப்யூட்டர் மானிட்டர்கள் மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டிவியானாலும் மானிட்டரானாலும் உள்ளே இருந்தது பிக்சர் டியூப்தான். தட்டைத் திரை வந்ததும் இவையெல்லாம் பரணுக்கும் மாடிப்படிக்கு அடியிலும் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. எடைக்குப் போட்டுவிட்டு வரும் நாம், அந்தக் கடையின் பின்கட்டில் அதற்கு என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

கடைக்காரர் ஒரு பெட்டி மானிட்டருக்குக் காசு கொடுப்பது எதற்காக? டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் காயிலில் சில நூறு கிராம் செம்புக் கம்பி இருக்கிறது. திரையின் விளிம்பை ஒட்டி ஓடும் டீகாஸ் காயிலில் இன்னும் கொஞ்சம். சில மாடல்களில் அது அலுமினியம். டியூபுக்கு உயர் அழுத்தம் தரும் எல்ஓடி, டிரான்ஸ்ஃபார்மர், பவர் கார்டு ஆகியவற்றிலும் செம்பு உண்டு. போர்டில் அலுமினிய ஹீட் சிங்க், திரைக்குப் பின்னால் மெல்லிய இரும்புச் சல்லடை, டியூபைச் சுற்றி இரும்புப் பட்டை என்று தேறும். பிளாஸ்டிக் கூட்டுக்கும் ஏதோ ஒரு விலை உண்டு. ஆனால் பெட்டியின் எடையில் ஏறக்குறைய பாதி கண்ணாடி. அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. நஞ்சில் பெரும்பங்கு இருப்பதும் அந்தக் கண்ணாடியில்தான்.

டியூபுக்குள் எலக்ட்ரான் கதிர் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்ந்து திரையில் மோதுகிறது. அப்படி மோதும்போது எக்ஸ் கதிரும் பிறக்கும். பார்ப்பவர்மேல் அது படாமலிருக்கவே கண்ணாடியில் ஈயம் கலந்தார்கள். பின்பக்கத்துப் புனல் போன்ற பகுதியில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈய ஆக்சைடு இருக்கும். கழுத்துப் பகுதியில் அதைவிட அதிகம். புனலையும் முன்திரையையும் ஒட்டும் பற்றுக் கண்ணாடியில் முக்கால் பங்குக்கு மேல் ஈய ஆக்சைடுதான். எல்லாம் சேர்த்தால், அளவைப் பொறுத்து ஒரு டியூபில் ஒன்றிரண்டு கிலோ ஈயம் இருக்கிறது. முன்திரையில் ஈயம் குறைவு, அங்கே பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் அந்த வேலையைச் செய்கின்றன. திரையின் உட்புறம் ஒளிரும் பூச்சு ஒன்று பொடியாகப் படிந்திருக்கும். துத்தநாக சல்ஃபைடும் அரிய மண் தனிமங்களும் கலந்த பூச்சு அது. பழைய டியூப்கள் சிலவற்றில் காட்மியமும் உண்டு.

பெட்டி முழுசாக இருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை. ஈயம் கண்ணாடிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிவி வீட்டில் இருக்கிறது என்பதற்காக யாரும் பதற வேண்டாம். ஆபத்து உடைக்கும்போது தொடங்குகிறது. உடைந்த துண்டு குப்பைமேட்டுக்குப் போய், அழுகும் குப்பையின் அமிலநீரில் ஊறினால் ஈயம் கரைந்து வெளியேறும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர் 1990-களின் இறுதியில் டியூப் கண்ணாடியை இவ்விதச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் ஈயம் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் வரம்பு. சோதனையில் சராசரியாக வந்தது 18.5 மில்லிகிராம்.

உடைப்பவர் படும் பாடு இதைவிட நேரடியானது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் டியூப் தன்னுள் உயர் அழுத்த மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். டியூபின் மேற்புறத்தில் ரப்பர் மூடிபோல் ஒட்டியிருக்கும் ஆனோட் இணைப்பில் கைபட்டால் அடி விழும். போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டரிலும் முந்நூறு வோல்ட் அளவுக்கு நிற்கும். மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். இணையத்தில் படம் பார்த்துவிட்டுச் செம்புக்காகப் பெட்டியைத் திறக்கும் கல்லூரி மாணவருக்குத் தெரியாது. உள்ளே காற்று இல்லாத வெற்றிடம் வேறு. சுத்தியலால் ஓங்கி அடித்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கி, அந்த வேகத்திலேயே சிதறி வெளியே தெறிக்கும். பக்கத்தில் இருப்பவரின் கண் போகலாம். பிறகு அந்தத் திரைப்பூச்சு தூசாகக் கிளம்பும். அடுத்து, கம்பியின் மேலுறையை நீக்கக் கொளுத்துகிறார்கள். அந்த உறையிலுள்ள பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். தீப்பிடிக்காமலிருக்க பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் சேர்மங்களும் அதே புகையில் கலக்கின்றன. தெருவே அதைச் சுவாசிக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது குழந்தைகளைப் பற்றி. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் இரத்தத்தில் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறு குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். சோகை, விடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல், படிப்பில் மந்தம் என்று அது வெளிப்படும். இவற்றில் எதையும் பார்த்தவுடன் ஈயம் என்று யாருக்கும் தோன்றாது. பூச்சி மருந்து கொடுப்பார்கள், பையன் சரியாகப் படிக்கவில்லை என்று அடிப்பார்கள். மூளைக்கு ஏற்பட்ட சேதமோ திரும்பச் சீராவதில்லை. நம் ஊர்களில் பழைய இரும்புக் கடைகள் பலவற்றில் கடையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. அப்பா உடைத்த இடத்தில் பிள்ளை தவழ்கிறது. வேறிடத்தில் உடைத்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிய தூசு வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த வேலையில் இருப்பவர்கள் மூன்றைச் செய்யலாம். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கை, முகம் கழுவாமல் சாப்பிடவோ பீடி பற்றவைக்கவோ வேண்டாம். குழந்தைக்கும் உங்களுக்கும் இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்கும்படி அரசு மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக ஏற்கும் என்பதால் கீரை, பால், முட்டை, கேழ்வரகு உதவும். ஆனால் தூசு தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் எந்த உணவும் மருந்தும் போதாது. ஈய நச்சு, மருத்துவர்கள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோயாகத் தொழிற்சாலைகள் சட்டம் வந்த 1948-லிருந்தே பட்டியலில் இருக்கிறது.

தட்டையான எல்சிடி மானிட்டர் வைத்திருப்பவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி திரைகளுக்குப் பின்னால் மெல்லிய குழல்விளக்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். பிரிக்கும்போது அவை எளிதில் முறியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யாத எவரும் மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்யும் தொழிலை நடத்தக் கூடாது. பொருளைத் தயாரித்து விற்ற நிறுவனங்களே அது கழிவான பிறகும் பொறுப்பேற்க வேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளில் 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என அவர்களுக்கு மறுசுழற்சி இலக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த இலக்கை எட்ட அவர்கள் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்குகிறார்கள்.

இங்கேதான் ஓட்டை. அந்தச் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களை மீட்ட கணக்கில் வழங்கப்படுகின்றன. ஈயக் கண்ணாடிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பின்கட்டில் சுத்தியல் பிடிப்பவருக்கும் சரி, பெரிய ஆலைக்கும் சரி, கண்ணாடி செலவு வைக்கும் சுமையாகவே நிற்கிறது. முன்பு பழைய டியூபை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். டியூப் தயாரிப்பே நின்றுபோனதால் அந்த வழி அடைபட்டது. பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஒரு நிறுவனம் மறுசுழற்சி செய்வதாகச் சொல்லி வாங்கிக் குவித்த டியூப் கண்ணாடியைப் பல்லாயிரம் டன் கணக்கில் கிடங்குகளிலேயே விட்டுவிட்டு ஓடியது. கண்ணாடியைக் கையாளும் செலவுக்கு யார் பொறுப்பு என்று நம் விதிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதுவரை உலோகம் விலைபோகும், கண்ணாடி ஏரிக்கரையில் கொட்டப்படும்.

முறையான ஆலையில் டியூபை மூடிய அறைக்குள், தூசை உறிஞ்சும் இயந்திரத்தின் கீழ் வைத்து, சூடேற்றிய கம்பியாலோ வைரம் பதித்த ரம்பத்தாலோ முன்திரையையும் புனலையும் தனித்தனியே பிரிப்பார்கள். பூச்சை உறிஞ்சி எடுப்பார்கள். ஈயக் கண்ணாடி, ஈயம் உருக்கும் உலைக்கோ, நஞ்சுக் கழிவுக்கென்றே அமைத்த பாதுகாப்பான நிலக்கிடங்குக்கோ போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது: பெட்டியைத் திறக்காமல், உடைக்காமல், முழுசாகக் கொடுங்கள். ஓடுகிற நிலையில் இருந்தால், பயன்படுத்துகிறவருக்குக் கொடுப்பதே முதல் வழி. பழைய வீடியோ கேம் ஆர்வலர்கள் இத்தகைய திரைகளைத் தேடி வாங்குகிறார்கள். ஓடவில்லையென்றால், பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாக இருக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் உதவி எண்ணிலும் கேட்டுப் பாருங்கள், பலர் திரும்பப் பெறும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எடுத்துப்போக வருபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். ஒற்றைப் பெட்டிக்கு யாரும் வரமாட்டேன் என்றால் குடியிருப்போர் சங்கத்தில் பேசி, தெருவே சேர்த்து ஒரு நாள் கொடுக்கலாம். பழைய இரும்புக் கடை தரும் நூறோ இருநூறோ கிடைக்காமல் போகலாம். அதை விட்டுக்கொடுங்கள்.

டியூப் கைதவறி உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசு கிளம்பும். தடித்த கையுறை போட்டு அட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டித் தனியே வையுங்கள். வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்னணுக் கழிவோடு கொடுங்கள்.

பள்ளி, கல்லூரி, அலுவலகங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் ஆண்டில் ஆயிரம் மின்னணுப் பொருள்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் அமைப்புகள் தங்கள் கழிவைப் பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நாற்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பள்ளி அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் வாங்கி மறுசுழற்சி செய்பவர் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும் என்ற விதி மாறிவிடாது. கழித்துக்கட்டிய பொருள்களை ஏலம் விடும்போது, அதிக விலை கேட்பவருக்கே கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, பதிவுச் சான்று உள்ளவர் மட்டுமே ஏலம் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தலைமையாசிரியரும் அலுவலகக் கண்காணிப்பாளரும் நினைத்தால் நடக்கும்.

பழைய இரும்புக் கடைக்காரர்களைக் குற்றவாளியாக்கி இதைத் தீர்க்க முடியாது. ஊரின் கழிவைக் கால்நடையாகச் சுற்றிச் சேகரிப்பவர்கள் அவர்கள்தான். அதே 2022 விதிகள், பிரித்தெடுக்கும் வேலையில் இருக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்யவும், குழுவாகச் சேர உதவவும், பயிற்சி தரவும், அவர்கள் உடல்நலத்தைக் கண்காணிக்கவும் மாநிலத் தொழிலாளர் துறைக்குக் கடமை விதித்திருக்கின்றன. தொழிற்பேட்டைகளில் இடம் ஒதுக்குவதும் மாநிலத்தின் கடமை. இது சலுகை அல்ல, கேட்டுப் பெறலாம். உடைக்காமல் சேர்த்து, பதிவுபெற்ற ஆலைக்கு மொத்தமாக விற்கும் சேகரிப்பாளராகக் கடைக்காரர் மாறினால் அவர் பிழைப்பும் கெடாது.

உங்கள் தெருவில் கம்பி கொளுத்தினாலோ, கண்ணாடியை நீர்நிலையில் கொட்டினாலோ தேதி, இடம், புகைப்படத்தோடு தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-லும் புகாரைப் பதிவு செய்யலாம். சென்னையில் மாநகராட்சியின் எண் 1913. சிறுவர்கள் இந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்டால் 1098. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2024 ஏப்ரல் முதல் இடமிருக்கிறது. புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. மாசால் உடலோ உடைமையோ பாதிக்கப்பட்டவர் ஐந்தாண்டுக்குள் அங்கே இழப்பீடு கேட்கலாம். மனுவின் நகலையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்; தீர்ப்பாயத்தில் அவைதான் சாட்சி.