காமிராவும் களஞ்சியமும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகை மலைப் படிகளில் நிற்பவர் கண்களுக்குக் காட்சிப் பஞ்சம் இராது. 365 படிகள், அவற்றின் மீது காவடி வெள்ளம், தமிழும் தெலுங்கும் கலந்த கோஷம். காமிரா ஏந்தி வரும் மாணவர்களையும் அங்கே காண்கிறோம். அவர்களை நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான்: "தம்பிகளே, இதே படிகளை உங்களுக்கு முன் படம் பிடித்தவர் யார், எந்த ஆண்டில் என்று தேடியதுண்டா?"

இது வீண் கேள்வியன்று. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு அங்கே சேர்ந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தது. ஆகவே 1955-இல் எடுத்த படம் ஆந்திரத்துப் படம். 1965-இல் எடுத்தது சென்னை ராஜ்யத்துப் படம். மலை ஒன்றே, படிகளும் அவையே. ஆண்டு குறிக்காத படத்தில் இந்தச் சரித்திரம் எங்கே தெரியப் போகிறது?

உள்ளதை உள்ளபடி காட்டும் புகைப்படக் கலையில் காமிரா பாதிப் பாடம். பழைய படங்களையும் ஏடுகளையும் கற்பது மறு பாதி. அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. திருத்தணியில் ரயிலேறிச் சென்னை சேர்ந்தால், எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமரா நூல் நிலையம் இருக்கிறது. எல்லை மாற்றம் போன்ற அரசாங்க விவகாரங்களை அறிய, அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உண்டு. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்ட வேண்டுமானால், கோட்டையூர் ரோஜா முத்தையா அரும்பாடுபட்டுச் சேர்த்த செல்வத்தை மூலதனமாகக் கொண்டு 1994-இல் தோன்றிய ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்திலோ தென்னாட்டுக் கோயில்களின் புகைப்படங்கள் லட்சத்துக்கும் மேல். பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களையும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் அந்நிலையத்தார் பிரதியெடுத்திருக்கிறார்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுச் செல்வது நலம்.

களஞ்சியத்தின் அருமையை உணர்த்த ஓர் உதாரணம் போதும். அதே கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். உலகெங்கும் அலைந்து, சுமார் 50,000 அடி படச்சுருள் திரட்டி, மகாத்மாவின் வாழ்க்கையைப் படமாக்கி 1940-இல் வெளியிட்டார். காலப்போக்கில் அந்த அரிய படம் கண்ணுக்கு மறைந்தது. பல்லாண்டுகளுக்குப் பின், 1953-இல் ஆங்கிலத்தில் உருவான அதன் சுருக்க வடிவத்தை ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஒரு சர்வகலாசாலையில் கண்டறிந்தவர் சரித்திர ஆசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி. படத்தை எடுத்தது தமிழரின் உழைப்பு. எஞ்சியதைக் காத்தது அயல்நாட்டு நூல் நிலையம்! இதை நினைக்கப் பெருமையும் வெட்கமும் ஒருங்கே எழுகின்றன.

அந்த வெட்கத்தைத் துடைக்கும் வேலையை நம் வீட்டிலேயே தொடங்கலாம். பெட்டியடியில் கிடக்கும் படங்களை வெளியே எடுங்கள். பாட்டி இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு, ஊரும் ஆண்டும் சேர்த்து, மெல்லிய பென்ஸிலால் பின்புறம் எழுதுங்கள். மை வேண்டாம், அது ஊறிப் படத்தைக் கெடுக்கும். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

மலையேறும் மாணவனும் இவ்விதமே குறிப்பு எழுதி வைப்பானாகில், அவன் எடுத்த படம் நாளை ஒரு களஞ்சியத்தில் இடம் பெறும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே படியில் நிற்கப் போகும் பிள்ளைக்கு, நம் கேள்விக்குரிய விடையும் அங்கே காத்திருக்கும்.