வேலை போன பின் வந்த பணம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமாயின், ஆயுளிற் பாதியை உழைப்பாகக் கொடுத்துப் பெற்ற பணத்துக்கு எத்துணை அளவு வேண்டும்! ஆட்குறைப்பினால் வேலையிழந்து, நட்டஈட்டுப் பணத்துடன் வீடு திரும்பும் குடும்பத் தலைவருக்கு, அப்பணத்தை எதிற் போடலாம் என்று ஆலோசனை கூறுவோர் பலர். அதற்கு வரி உண்டோ என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அண்மையில் ஒரு மாலை, அயலவர் ஒருவர் நம் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்தார். வயது 48. தொழிற்சாலையொன்றின் கணக்குப் பகுதியில் 22 ஆண்டுகள் பணியாற்றியவர். மாதச் சம்பளம் 60,000 ரூபா. செப்டெம்பர் முடிவோடு வேலை இல்லை என்று கூறப்பட்டவர். “மாஸ்ரர், நாளைக்கு இதிலை கையெழுத்து வைக்க வேணுமாம். ஒருக்காப் பாருங்கோ” என்று கடிதமொன்றை நீட்டினார். “சகல கொடுப்பனவுகளும்: 31 இலட்சத்து 20,000 ரூபா” என அதில் ஒரே வரி இருந்தது. அந்த ஒரு வரியிலேதான் ஆபத்தும் இருந்தது.

அவருடன் இருந்து அத்தொகையைப் பிரித்துப் பார்த்தோம். முதலாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, ஐந்தாண்டு சேவை நிறைவு செய்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரியது. 22 ஆண்டுகளுக்கு 6 இலட்சத்து 60,000 ரூபா.

இரண்டாவது, வேலையிழப்பு நட்டஈடு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழமைந்த சூத்திரப்படி, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 14ஆம் ஆண்டு வரை இரண்டு மாதம். 19ஆம் ஆண்டு வரை ஒன்றரை மாதம். 24ஆம் ஆண்டு வரை ஒரு மாதம். 22 ஆண்டுகளுக்கு 41 மாதச் சம்பளமாகும். அஃதாவது 24 இலட்சத்து 60,000 ரூபா. 2021இல் உயர்த்தப்பட்ட உச்சவரம்பான 25 இலட்சத்துக்குள் அது அடங்கியது. கூட்டுத்தொகை சரியே. கணக்கிற் பிழையில்லை, கடிதத்திலேதான் பிழை.

பணிக்கொடையும், எல்லா ஊழியருக்கும் ஒரேசீராகப் பொருந்தும் திட்டமென உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் ஏற்றுக்கொண்ட திட்டத்தின்கீழ் வழங்கப்படும் நட்டஈடும், சேவைமுடிவு நலன்கள் என்னும் தனி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் முதல் ஒரு கோடி ரூபாவுக்கு வரியில்லை. அடுத்த ஒரு கோடிக்கு நூற்றுக்கு 6. எஞ்சியதற்கு நூற்றுக்கு 12. அத்தகைய அங்கீகாரம் இல்லாத நட்டஈடோ, சாதாரண ஊழிய வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

சேர்ந்தால் என்னவாகும்? வரியாண்டு ஏப்பிரல் முதலாந் தேதி தொடங்குவது. ஆறு மாதச் சம்பளம் 3 இலட்சத்து 60,000. நட்டஈட்டுடன் 28 இலட்சத்து 20,000. 2025 ஏப்பிரல் முதல் நடைமுறையிலுள்ள 18 இலட்சம் ரூபா தனிநபர் விலக்கைக் கழித்தால், எஞ்சுவது 10 இலட்சத்து 20,000. முதற் பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 6, மிகுதிக்கு 18 எனக் கொண்டால், வரி 63,600 ரூபா. மாதச் சம்பளம் வரி வரம்பை எட்டாத காரணத்தால் வேலையிலிருந்த நாளில் வரி கட்டாதவர், வேலை போன நாளில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வரியாக இழக்க நேரும்!

ஆதலின், கையெழுத்திடுமுன் இரண்டு பத்திரங்களைக் கேட்டுப் பெறுமாறு கூறினோம். ஒன்று, ஒவ்வொரு தொகையையும் அதற்குரிய பெயரோடு பிரித்துக் காட்டும் கடிதம். மற்றையது, திட்டத்துக்குக் கிடைத்த அங்கீகாரத்தின் பிரதி. கொடுப்பனவை அடுத்த வரியாண்டுக்குத் தள்ளினால் வரி குறையுமே என்று சிலர் கூறுவர். குறையலாம். ஆயினும், ஆட்களைக் குறைக்கும் நிலைக்கு வந்த நிறுவனத்திடம் நம் பணத்தை விட்டுவைத்துக் காத்திருத்தல் புத்தியன்று.

பணம் வந்த பின்னும் வரிக் கணக்கு ஓய்வதில்லை. நிலையான வைப்பின் வட்டியில் நூற்றுக்குப் பத்து வீதத்தை வங்கி பிடித்துவைக்கும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை மீறாதவர், அதனை வங்கிக்கு எழுத்திற் பிரகடனஞ் செய்து அப்பிடிப்பைத் தவிர்க்கலாம். பெருந்தொகை பெற்ற ஆண்டில் மட்டும், முதலில் இறைவரித் திணைக்களத்திற் கேட்டறிந்து எழுதுதல் நன்று. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரையே உண்டு. எனவே, அப்பணத்தை மூன்று வங்கிகளிற் பிரித்து வைத்தல் பாதுகாப்பானது.

இவ்வளவு சிக்கனம் எதற்கு என்று வினவலாம். வட்டியை விட்டுப் பார்ப்பின், பழைய சம்பளத்தையே மாதந்தோறும் எடுத்தால் அப்பணம் 52 மாதங்களில் தீர்ந்துவிடும். அப்போது அவருக்கு 52 வயது. ஊழியர் சேமலாப நிதியோ பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலேயே கைக்கு வரும். இடையே இரண்டரை ஆண்டுக்கு மேற்பட்ட வெற்றிடம். உயர்தர வகுப்பிற் படிக்கும் மகளின் எதிர்காலம் அந்த வெற்றிடத்தினூடேதான் செல்ல வேண்டும்.

மறுநாள் அவர் கையெழுத்திடாமலே திரும்பினார். ஒரு வாரத்தின் பின் இரு பத்திரங்களும் கிடைத்தன. வரியாக ஒரு சதமும் கழிக்கப்படவில்லை. “லொறியிலை பங்கு போடச் சொல்லி மைத்துனர் கேட்கிறார், மாஸ்ரர்” என்றார். “முதலிற் பிள்ளையின் தாயாரைக் கேளுங்கள்” என்றோம். சிரித்துக்கொண்டே போனார். பல நாட்களின் பின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.