தண்ணீரை அடக்கினால் சிவக்கும் தொக்கு

குலாஷ் என்று உலகெங்கும் உணவகங்களில் பரிமாறப்படும் கெட்டியான இறைச்சித் தொக்கு, ஹங்கேரியில் பெர்கெல்ட் எனப்படும். அங்கே குலாஷ் என்றால் நீர்க்கச் சமைக்கும் சூப். இரண்டுக்கும் அடிப்படைப் பொருட்கள் ஒன்றுதான்: இறைச்சி, வெங்காயம், பன்றிக் கொழுப்பு, பாப்ரிக்கா எனும் மிளகாய்த்தூள். அப்படியானால் பெர்கெல்ட்டின் தனிச்சுவை எங்கிருந்து வருகிறது? மசாலாவிலிருந்து அல்ல, தண்ணீரை அடக்கும் முறையிலிருந்து என்பேன்.

ஒரு கிலோ மாட்டுக்கால் சதைக்கு அரை கிலோ வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கொழுப்பில் நிதானமாக வதக்க வேண்டும். பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பாப்ரிக்காவைப் போட வேண்டும். ஹங்கேரியின் செகெட், கலோச்சா வட்டாரங்களில் பேர்பெற்ற இந்தத் தூளில் சர்க்கரை அதிகம். கொதிக்கும் கொழுப்பில் நொடிகளில் கருகிக் கசந்துவிடும். அதன் சிவப்பு நிறமிகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் இறக்கிவைத்த சட்டியின் சூட்டிலேயே கொழுப்பு முழுக்கச் சிவந்துவிடுகிறது. உடனே இறைச்சியும் உப்பும் சேர்த்து, மூடி, சிறு தீயில் வைக்கலாம். இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். வெங்காயத்தில் அதைவிட அதிகம். அந்தச் சாற்றிலேயே இறைச்சி வேகத் தொடங்கும். சாறு வற்றி, கொழுப்பு பிரிந்து, சடசடவென்ற ஓசை கேட்டதும் ஒரு கை தண்ணீர் தெளித்து, மறுபடி வற்றவிட வேண்டும். நீர் தேங்கி நிற்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வற்றும்போதுதான் வறுபட்ட மணம் பிறக்கிறது. ஒவ்வொரு முறை வற்றும்போதும் தொக்கின் நிறம் ஆழமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மைதா கரைத்து ஊற்றினால் சீக்கிரம் கெட்டியாகுமே என்று கேட்கலாம். ஆகும், ஆனால் மாவு பாப்ரிக்காவின் நிறத்தையும் மணத்தையும் மங்கடிக்கும். அதற்குத் தேவையும் இல்லை. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் கால் சதையின் கொலாஜன் ஜெலட்டினாக இளகி, கரைந்துபோன வெங்காயத்தோடு சேர்ந்து தானாகவே கெட்டிப்படும். பிரஷர் குக்கரில் வைக்கலாமா என்பது இதைவிட நியாயமான கேள்வி. அதன் 120 டிகிரி சூட்டில் இறைச்சி விரைவில் மெத்தென்று ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஆவி வெளியேறாததால் சாறு வற்றாமல் நீர்த்து நிற்கும். எனவே குக்கரில் வைப்பவர்கள் திறந்தபின், கொழுப்பு பிரிந்து வரும்வரை அடுப்பில் வற்றவிட்டே இறக்குங்கள். காரமில்லாத பாப்ரிக்கா கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூளைப் பாதி அளவு போடலாம். வழக்கமான மிளகாய்த்தூள் இதற்கு ஆகாது.