செவி எலும்புக் கொடை

லகர, ளகர, ழகர ஒலிகளை வேறுபடுத்தி ஒலிக்க மாணவர்க்குப் பயிற்சி தருகிறோம். அவ்வேறுபாட்டை நா பிறப்பிக்குமுன் செவி உணர்தல் வேண்டும். அவ்வுணர்வுக்கு இடமாய் அமைவது, தலையின் இரு பக்கங்களிலும் உள்ள பொட்டெலும்பு.

அதனுள் சுத்தி, பட்டடை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகள் செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. மனித உடலின் மிகச் சிறிய எலும்பாகிய அங்கவடியின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதற்கப்பால் நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவியும், அருகே முகத்தசைகளை இயக்கும் நரம்பும் உள்ளன.

செவி அறுவை மருத்துவர் பலவேளை இவ்வெலும்பைத் துளைத்தே உள்ளே செல்கிறார். கருவி சற்றே விலகினால் முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கலாம். எஞ்சிய செவிப்புலனும் அழியலாம். எனவே, உயிருள்ளவர் செவியைத் தொடுமுன், இறந்தோர் கொடையாக அளித்த எலும்பில் கைப்பழக்கம் பெறுவது மருத்துவர்தம் நெடுநாள் வழக்கம். செயற்கை மாதிரிகளும் இன்று உண்டு; எனினும் ஆளுக்கு ஆள் வேறுபடும் நுண்ணமைப்பை மெய்யான எலும்பே முழுமையாகக் காட்டும்.

ஆராய்ச்சிக்கும் அஃது இன்றியமையாதது. உட்செவியிலிருந்து திசுவை வெட்டியெடுத்தால் கேட்கும் திறன் கெடும். ஆகவே வாழ்வோரிடம் அச்சோதனை செய்யப்படுவதில்லை. வியன்னா மருத்துவர் ஆடம் பொலிட்சர், இறந்தோரின் செவி எலும்புகளை ஆராய்ந்தே, அங்கவடியை அசையாது பிணிக்கும் நோய் உட்செவியைச் சூழ்ந்த எலும்பில் தோன்றுவது என 1893இல் விளக்கினார். அமெரிக்காவில் இத்தகைய கொடைக்கென 1992இல் தேசியப் பதிவகம் ஒன்று நிறுவப்பட்டது. செவிக்குறை உடையோர் வாழுங்காலத்திலேயே அதில் பதிந்துகொள்கின்றனர். கொடையாளரின் மருத்துவக் குறிப்போடு சேர்த்து ஆராயும்போதுதான் எலும்பு நோயின் காரணத்தைத் தெளிவாக உணர்த்தும்.

சிங்கப்பூரில் இதுபற்றி இரு சட்டங்களை நாம் பிரித்தறிதல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், மறுப்புப் பதியாதோரிடமிருந்து சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றைப் பிறர்க்குப் பொருத்துவதற்காக எடுக்க இடமளிக்கிறது. செவி எலும்பு அதில் அடங்காது. கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உடலையோ உறுப்பையோ அளிக்க 1972ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் உண்டு. 18 வயது நிரம்பியோர் விரும்பி முன்வந்தால் அதன்படி அளிக்கலாம்.

முன்னதில் மௌனமே இசைவாகிறது. பின்னதில் விருப்பத்தைச் சொல்லியாக வேண்டும். இறந்தபின் குடும்பத்தாரும் கொடையளிக்க இயலும். ஆயினும், இறந்தவரின் எண்ணம் அறியாத குடும்பம் துயர வேளையில் தயங்குவது இயல்பு. அளிப்பதோ மறுப்பதோ அவரவர் உரிமை. எதுவாயினும் அதனை நலமாயிருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவைப்பது நம் கடமை.