ஊசிப் போதை: முதலில் உயிரைக் காப்போம்



சில மாதங்களுக்கு முன் இருபத்திரண்டு வயது வாலிபர் ஒருவரின் ஜனாஸாவில் கலந்துகொண்டோம். மாரடைப்பு என்று வெளியில் சொல்லப்பட்டது. சில வாரங்கள் கழித்து அவருடைய தாயார் டிரஸ்ட் அலுவலகத்திற்கு வந்தார். மகனின் கையில் ஊசித் தழும்புகளைப் பார்த்தும் ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்ததாகச் சொல்லி அழுதார். "ஊர் என்ன பேசுமோ என்று பயந்தேன்" என்றார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாம்தான். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

போதை ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒருவர் அதில் விழுந்துவிட்ட பிறகு அவர் உயிரோடு மீள்வதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் சமீப ஆண்டுகளில் பிடிபடும் மாத்திரைகளில் 'டேபென்டடால்' அடிக்கடி அடிபடும் பெயர். கடும் வலிக்காக, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் கொடுக்கவேண்டிய மாத்திரை இது. வாலிபர்கள் சிலர் இதைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரை என்பது விழுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கெட்டியாக்கச் சேர்த்திருக்கும் மாவுப் பொருட்கள் ரத்தத்தில் கரையாது. அவை ரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அடைக்கும். ஊசி போட்ட இடம் சீழ்பிடிக்கும். கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வு வரை போனால் உயிருக்கே ஆபத்து.

இதைவிடப் பரவலான ஆபத்து, ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றும் இந்த வழியில் பரவுகின்றன. 2017-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு எடுத்த கணக்கில், ஊசியால் போதை ஏற்றுவோரில் நூற்றுக்கு 6 பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. பொதுமக்களில் அது ஆயிரத்துக்கு 2 பேர் அளவுதான். தண்ணீரில் அலசினால் ஊசி சுத்தமாகிவிடாது. மருந்து கரைக்கும் கரண்டி, தண்ணீர், பஞ்சு ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டாலும் ஹெபடைடிஸ் சி தொற்றும்.

"சுத்தமான ஊசி கொடுப்பது பாவத்துக்கு உதவுவது ஆகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஊசி கொடுப்பதால் போதைப் பழக்கம் கூடுவதில்லை, நோய்த்தொற்றுதான் குறைகிறது என்பது பல நாடுகளின் அனுபவம். ஊசி வாங்க வருகிறவரிடம்தான் சிகிச்சையைப் பற்றிப் பேசவும் முடிகிறது. இரண்டு தீமைகளில் ஒன்றைத் தவிர்க்கவே முடியாதபோது சிறியதை ஏற்றுப் பெரியதைத் தடுப்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் அறிந்த விதி. மலேசியா 2005-ல் போதைக்கு மாற்றாக மெதடோன் மருந்து கொடுக்கத் தொடங்கி, 2006-ல் ஊசி மாற்றித் தரும் திட்டத்தையும் ஆரம்பித்தது. 2010-ல் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெதடோன் சிகிச்சை தொடங்கியது. பள்ளிவாசல் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. தௌபா செய்வதற்கும் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

அளவு மீறியதன் அடையாளங்களை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது. உலுக்கி எழுப்பினாலும் விழிக்கமாட்டார். மூச்சு மிக மெதுவாகவோ குறட்டை போலவோ வரும். உதடும் நகமும் நீலம் பாயும். கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கும். உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால், பழகியவர்கள் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நின்றுபோகும் மூச்சை மீட்கும் 'நலோக்சோன்' என்ற மருந்து இருக்கிறது. காரணத்தை மறைத்தால் அது தாமதமாகும்.

இன்னொன்று: மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிர் போகலாம். அந்த நாட்களில் அவரைத் தனியே விடாதீர்கள்.

சிகிச்சை உண்டு. நாக்கின் அடியில் வைக்கும் 'புப்ரெனார்ஃபின்' மாத்திரையை மருத்துவக் கண்காணிப்பில் எடுத்தால் உடல் நடுக்கமும் வேட்கையும் அடங்கும், ஊசியின் தேவை குறையும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், கூட்டு மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அதற்கும் கட்டணம் இல்லை. ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. பக்கத்தில் எங்கே என்ன சேவை உள்ளது என்று எய்ட்ஸ் உதவி எண் 1097-லும், போதை மீட்பு உதவி எண் 14446-லும் கேட்கலாம்.

போலீஸ் பயத்தால் தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தொற்றைத் தடுக்கச் சுத்தமான ஊசி வழங்குவது குற்றமல்ல என்றும் சொல்கிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்திலும், பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்குள்ளவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி தருகிறது.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. மகன் கையில் தழும்பு தெரிந்தால் அடிக்காதீர்கள், வீட்டைவிட்டு விரட்டாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் செயலாளர் அறையில் நாங்கள் இருப்போம். பெயர் எழுதமாட்டோம். மருத்துவமனைக்குத் துணையாக ஒருவரை அனுப்புவோம். பஸ் செலவை டிரஸ்ட் ஏற்கும். அந்தத் தாயார் ஒரு வருடம் முன்பே இந்தப் படியேறி வரும்படி நாம் நடந்துகொள்ளவில்லை. இனி வருகிறவர் யாரும் அப்படித் தாமதிக்காமலிருக்க அல்லாஹ் உதவி செய்வானாக.

வஸ்ஸலாம்.
செயலாளர்